ஏழாம் படுக்கை சாப்பிட்டாரா?

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் வணங்கி எழுதிக்கொள்வது. நான் சுகமாக இருக்கிறேன் என்று முதல் வரியில் எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன், அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். அங்கே நீங்களும் அத்தையும் உங்கள் முழங்கால் வலியும் ஒருவரையொருவர் அனுசரித்துக்கொண்டு நல்லபடியாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீங்கள் போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுக் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிடுவீர்கள். நான் இங்கே மனம்விட்டுப் பேசுவேன், அங்கே தாழ்ப்பாள் வாங்க வந்தவர் குறுக்கே புகுந்து எனக்குப் புத்தி சொல்வார். போன தடவை அப்படித்தான் ஒருவர், "பாப்பா, நீ பேசாம பேங்க் பரீட்சை எழுது" என்றார். அவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதனால்தான் கடிதம். தயவுசெய்து இதையும் கடையில் வைத்துச் சத்தமாக வாசிக்காதீர்கள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கடையில் கணக்குப் பார்க்க நம்பிக்கையான ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தீர்களே, அந்த நாற்காலி இன்னும் காலியாக இருக்கிறதா? இருந்தால் எனக்கு வைத்திருங்கள். நான் நர்ஸ் வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். யோசித்துப் பாருங்கள், ஆணியும் திருகாணியும் வைத்த இடத்தில் இருக்கும். எடை போட்டால் எடையைச் சொல்லும். "எப்படி இருக்கே?" என்று கேட்டால் ஒரு கீலும் நம்மிடம் மரியாதைக்குப் பொய் சொல்லாது. எனக்கு இப்போது வேண்டியது அந்த நிம்மதிதான். அம்மாவிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்ல உங்களை விட்டால் ஆளில்லை. அவளுக்கு உங்கள் மேல் இருக்கும் கோபத்தோடு கோபமாக இதுவும் போய்விடும்.

உங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்று தெரியும். எனக்கு உரிமம் வந்த அன்று கடை வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "என் மருமக நர்ஸ் ஆயிட்டா" என்று சொன்னீர்களாம். அதோடு விட்டீர்களா, பெயின்ட் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் என் போன் நம்பரையும் கொடுத்தீர்கள். இன்றைக்கும் யாராவது கூப்பிட்டு, "ஆணிக்கடைக்காரர் குடுத்தார், எனக்கு இடது பக்கம் குத்துது" என்கிறார்கள். நானும் எந்தப் பக்கத்து இடது என்று கேட்டுப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நர்ஸ் என்றால் ஊசி போடுவது, கட்டுப் போடுவது, காய்ச்சல் பார்ப்பது என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துப் படித்தேன். அதெல்லாம் கை பழகினால் வந்துவிடுகிற வேலை. மிச்சமிருக்கும் பெரிய வேலை என்னவென்றால், ஒருவரை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஒருவருக்கு ஆபரேஷன் என்று வையுங்கள். ரத்தம் எடுப்பவர் ஒருவர், அதைச் சோதிப்பவர் இன்னொருவர், சோதித்த முடிவை நமக்குக் கொடுக்க மனம் வர வேண்டியவர் மூன்றாமவர். இதய டாக்டர் வந்து பார்த்து, தாங்குவார் என்று எழுத வேண்டும். மருந்தகம் மருந்து அனுப்ப வேண்டும். சமையலறை அன்றைக்கு மட்டும் சாப்பாடு அனுப்பாமல் இருக்க வேண்டும். நோயாளியை ஏற்றிப்போகும் தள்ளுவண்டிக்காரர் வண்டியோடு வர வேண்டும். வண்டி இருக்கும்போது அவர் இருக்க மாட்டார், அவர் இருக்கும்போது வண்டியில் ஒரு சக்கரம் இருக்காது. இத்தனை பேரும் ஒரே நோயாளிக்காகத்தான் பாடுபடுகிறார்கள், ஆனால் பேச்சுவார்த்தை நின்றுபோன சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு மூலையில் நிற்கிறார்கள். நடுவில் ஓடுவது நான். படித்தது நர்ஸ் படிப்பு, பார்ப்பது தரகு வேலை.

இத்தனை நாளும் பெரிய சிஸ்டரின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய சிஸ்டர் எங்கள் வார்டுக்குத் தலைவி. பெரிய என்பது உருவத்தால் அல்ல, ஆள் என் தோள் உயரம்தான் இருப்பார், குரல்தான் பெரிது. அவர் சும்மா "ம்" என்றாலே மாடியில் இருக்கும் தள்ளுவண்டி கீழே வந்துவிடும். நான் சொல்ல வந்த அந்த நாள் காலையில் அவர் என்னைக் கூப்பிட்டு, "இனிமே அஞ்சுலேருந்து பத்து வரைக்கும் உன் படுக்கை. நான் இங்கதான் இருப்பேன், ஆனா நான் இல்லைன்னு நெனச்சுக்கோ" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. புதுச் செருப்பு போட்ட குழந்தை மாதிரி அந்த ஆறு படுக்கைகளையும் சுற்றிச் சுற்றி வந்தேன்.

ஏழாம் படுக்கையில் ஒரு தையல்காரர். அடிவயிற்றில் குடல் இறக்கம். இப்படி ஒரு மரியாதைக்காரரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எதைக் கேட்டாலும் "மன்னிக்கணும்மா" என்றுதான் ஆரம்பிப்பார். இருமல் வந்தால்கூட அக்கம்பக்கத்துப் படுக்கைக்காரர்களிடம் அனுமதி கேட்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் இருமுவார். அவருடைய ஆபரேஷன் ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல், இன்னொரு தடவை வேறு யாருக்கோ அவசரம். மூன்றாவதாக அன்றைக்குக் குறித்திருந்தார்கள்; இந்தத் தடவையும் தவறினால் அவ்வளவுதான். சர்ஜன் மறுநாளிலிருந்து நீண்ட விடுப்பு, வேறொருவரிடம் வரிசை முதலிலிருந்து ஆரம்பிக்கும். அதற்குள் இறங்கின குடல் எங்கேயாவது மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று சர்ஜன் என்னிடம் சொல்லியிருந்தார். தையல்காரரின் மனைவியிடமும் சொல்லியிருந்தார். அந்த அம்மா அன்றிலிருந்து கணவர் தும்மினாலும் பதறி எழுந்து நின்றுவிடுகிறார்.

இப்போதுதான் மாமா, நம் குடும்பத்து வாய் உள்ளே வருகிறது. யாரைப் பார்த்தாலும் முதலில் "சாப்டாச்சா?" என்று கேட்க வேண்டும் என்று அம்மா எங்களைப் பழக்கி வைத்திருக்கிறாள். காலையில் ஏழாம் படுக்கை அருகில் போனதும் என் வாய் அதன் பாட்டுக்கு, "சாப்டாச்சா ஐயா?" என்று கேட்டுவிட்டது.

"ஆச்சும்மா, ஆச்சு. நீ சாப்ட்டியா?" என்றார் அவர்.

 ஆபரேஷனுக்குப் போகிறவர் வெறும் வயிற்றோடு போக வேண்டும். வயிற்றில் சாப்பாடு இருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால், அது மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும்; ஆளே போய்விடலாம். அதற்காகத்தான் அவர் தலைமாட்டில், வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது என்று கொட்டை எழுத்தில் அட்டை மாட்டியிருந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அந்த அம்மா ஓடிவந்தார்.

"ஐயோ, இல்லம்மா! நேத்து ராத்திரியிலிருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. நான் பக்கத்துலயேதான் உக்காந்திருக்கேன். அவருக்கு வாய் அப்படி. எமனே வந்து கேட்டாலும் ஆச்சுன்னுதான் சொல்வார்."

நானும் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். அப்போதே ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் போட்டு, வருகிறவரின் வாயை நம்பாதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குத்தான் அது தோன்றவில்லையே.

அடுத்து சமையலறை. ஏழுக்குச் சாப்பாடு வேண்டாம் என்று போனில் சொன்னேன். ஏழு சாப்பாடு வேண்டாம் என்று காதில் வாங்கிக்கொண்டார்கள். பதறிப்போய் மறுபடி கூப்பிட்டு, எல்லாருக்கும் வேண்டும், ஏழுக்கு மட்டும் வேண்டாம் என்று கத்தினேன். அதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லாருக்கும் அனுப்பிவிட்டார்கள், ஏழுக்கும் சேர்த்து. சாப்பாட்டு வண்டிக்காரர் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் இருக்கும் சின்ன அலமாரி மேல் தட்டுகளை வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து அஞ்சாம் படுக்கையில் டிரிப் நின்றுவிட்டது. தையல்காரரின் மனைவி முகம் கழுவப் போயிருந்தார். நான் டிரிப்பைச் சரிசெய்துவிட்டுத் திரும்பி வந்தால், ஏழின் பக்கம் இருந்த தட்டு காலி. கழுவி வைத்த மாதிரி காலி.

"ஐயா, இது..."

"மன்னிக்கணும்மா, நான் தொடல. கண்ண மூடிப் படுத்திருந்தேன்" என்றார்.

நான் அவர் கண்ணைப் பார்த்தேன். நம்பினேன். அதற்குள் தள்ளுவண்டி வந்துவிட்டது, நான்கு சக்கரத்தோடும் ஆளோடும். இப்படி ஒரு நல்ல நேரத்தை விட்டால் மறுபடி கிடைக்காது என்று அவரை ஏற்றி அனுப்பிவிட்டேன். அந்தக் காலித் தட்டைத் தள்ளுவண்டிக்காரரும் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

தியேட்டரில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் நல்ல மனிதர். அவர் எப்போதும், "கடைசியா எப்ப சாப்ட்டீங்க, என்ன சாப்ட்டீங்க?" என்று வக்கீல் மாதிரி குடைந்து குடைந்துதான் கேட்பாராம். அன்றைக்கு முந்தைய ஆபரேஷன் இழுத்துவிட்ட களைப்பு. தையல்காரர் படுத்த நிலையிலேயே கையெடுத்துக் கும்பிட்டதும் டாக்டருக்கு மனம் இளகி, "என்னங்க ஐயா, சாப்டாச்சா?" என்று கேட்டுவிட்டார். நம் ஆள் சும்மா இருப்பாரா?

"ஆச்சுங்க. திருப்தியா ஆச்சு. நீங்க?"

டாக்டர் திடுக்கிட்டுத் தள்ளுவண்டிக்காரரைப் பார்க்க, அவரும் தன் பங்குக்கு, "ஆமா சார், தட்டு காலியாத்தான் இருந்துச்சு" என்று சாட்சி சொல்லிவிட்டார். முடிந்தது கதை. எனக்குப் போன் வந்தது. "உங்க ஏழாம் படுக்கை திருப்தியா சாப்ட்டு வந்திருக்கார். திருப்பி அனுப்பறோம்" என்றார் தியேட்டர் சிஸ்டர்.

தையல்காரர் போன வேகத்தில் திரும்பி வந்தார். நடந்தது புரிந்ததும் அவர் வண்டியிலேயே, "நான் சாப்பிடலைங்க, சத்தியமா சாப்பிடல" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். முதலில் ஆச்சு என்றவர் இப்போது ஆகவில்லை என்றால் யார் நம்புவார்கள்? அவர் மனைவி சொன்னதையும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்காரர்கள் பாசத்தில் ஒரு வாய் ஊட்டிவிட்டு இல்லவே இல்லை என்று சாதிப்பது எல்லா ஆஸ்பத்திரியிலும் நடப்பதுதான். அந்த அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நான் தையல்காரரிடம் கேட்டேன். "ஏன் ஐயா அப்படிச் சொன்னீங்க?"

"மன்னிக்கணும்மா. அவ்ளோ பெரிய டாக்டர். அத்தன வேலைக்கு நடுவுல நின்னு என்னப் பாத்து சாப்டாச்சான்னு கேக்கறார். இல்லைன்னு சொன்னா அவர் மனசு கஷ்டப்படாதா?"

"சரி, திருப்தியான்னு வேற எதுக்குச் சேத்தீங்க?"

"வெறும் ஆச்சுன்னு சொன்னா, பேருக்குச் சொல்றேன்னு நெனச்சுக்குவாரேம்மா."

மாமா, எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் இது. வரவில்லை. ஏனென்றால் அங்கே படுத்திருந்தது நீங்கள். எத்தனை வீட்டு வாசலில் நின்று, "ஆச்சு ஆச்சு, இப்பதான் வயிறு முட்ட ஆச்சு" என்று சொல்லிவிட்டு, பசியில் கண் இருண்டு வீடு வந்து அடுப்படியில் நின்றபடியே பாத்திரத்தை வழித்திருக்கிறீர்கள். அத்தையைக் கேளுங்கள், சொல்வார். இந்த ஊரிலேயே அந்த "ஆச்சு"க்கு அர்த்தம் தெரிந்தவள் அந்த நிமிஷத்தில் நான் ஒருத்திதான் என்று தோன்றியது.

பெரிய சிஸ்டரிடம் ஓடினேன். அவர் மருந்து அலமாரியிலிருந்து தலையை எடுக்காமலேயே, "உன் பேஷன்ட். நீயே போய்ப் பேசு" என்றார். நான் இல்லை என்று நினைத்துக்கொள் என்று காலையில் சொன்னவர் சொன்ன சொல் தவறவில்லை.

தியேட்டர் வாசலில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. அதற்கு அந்தப் பக்கம் வெளிச் செருப்புக்கு அனுமதி இல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன், அந்தப் பக்கம் டாக்டர் வந்து நின்றார். படியேறும்போது பேச வேண்டியதையெல்லாம் வரிசையாகக் கோத்து வைத்திருந்தேன். நோயாளியின் நிலைமை, சர்ஜனின் விடுப்பு, குடல் மாட்டிக்கொள்ளும் ஆபத்து, மனைவியின் சாட்சி. டாக்டர் நெற்றியில் தொப்பியின் தடம் பதிந்த முகத்தோடு, "சொல்லும்மா" என்றார். எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. வாய் மட்டும் மறக்கவில்லை.

"டாக்டர், சாப்டாச்சா?"

"ஆச்சும்மா, ஆச்சு" என்றார் அவர்.

பின்னாலிருந்து தியேட்டர் சிஸ்டர், "எங்க சார் ஆச்சு? காலைலேருந்து உங்க டிபன் டப்பா மூடி திறக்காம அங்கேயே இருக்கு" என்றார்.

டாக்டர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். அப்புறம் டப்பா இருந்த திசையைப் பார்த்தார். "அட, ஆமா. நான் எதுக்கு ஆச்சுன்னு சொன்னேன்?"

"அதான் டாக்டர். அவரும் அதுக்குத்தான் சொன்னார்."

அவர் சிரித்த சிரிப்பில் முகத்திலிருந்த துணி கழன்றுவிட்டது. இதைத்தான் இப்போது ஆஸ்பத்திரி முழுக்க, புதுப் பெண் எப்படி மடக்கினாள் பார் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். திட்டமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கேள்வி தானாக வந்தது, அவ்வளவுதான்.

ஆனால் டாக்டர் டாக்டர்தான். சிரித்து முடித்ததும், "சிரிப்பு வேற, வயிறு வேறம்மா. அந்தக் காலித் தட்டுக்கு என்ன பதில்? அத யார் சாப்ட்டாங்கன்னு கண்டுபிடி. ஸ்கேன் மிஷினையும் கொண்டுவா, நானே அவர் வயித்துக்குள்ள பாத்துட்டு முடிவு பண்றேன்" என்றார்.

ஸ்கேன் மிஷின் பிரசவ வார்டில் இருந்தது. அங்கிருக்கும் சிஸ்டர் எதையும் சும்மா கொடுக்கிறவர் இல்லை. எங்கள் வார்டிலேயே கிறீச்சிடாத ஒரே சக்கர நாற்காலியை அவரிடம் பிணையாகத் தள்ளிவிட்டு மிஷினை வாங்கினேன். பெரிய சிஸ்டருக்கு இது இன்னும் தெரியாது. கடிதத்தைப் படித்ததும் இந்த இடத்தை மட்டும் மறந்துவிடுங்கள்.

மிஷினை ஒருவரிடம் ஒப்படைத்துத் தியேட்டருக்கு அனுப்பிவிட்டு வார்டுக்கு வந்தால், எட்டாம் படுக்கைக்காரருக்கு மதியச் சர்க்கரை பார்க்கும் நேரம். அவருக்குக் காலில் ஆறாத புண், சர்க்கரை அதிகம், அதனால் அளவுச் சாப்பாடு. தங்கமான மனிதர், சாப்பாடு என்று வந்தால் மட்டும் வேறு ஆள். விரலில் குத்தி ரத்தம் எடுத்து மீட்டரில் வைத்தேன். வந்த எண்ணைப் பார்த்து மீட்டரைத் தட்டினேன். மறுபடி வைத்தேன். மறுபடியும் அதே எண்.

"ஐயா, காலைல எவ்ளோ சாப்ட்டீங்க?"

"குடுத்தததான்மா சாப்ட்டேன்."

"எத்தன தட்டு குடுத்தாங்க?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியைத் தவிர ஒன்றும் இல்லை. அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பக்கத்துல இருந்துச்சும்மா. அவர் சாப்பிடக் கூடாதவர். வீணாப் போகுதேன்னு... பெரிய சிஸ்டர்கிட்ட மட்டும் சொல்லிடாத" என்றார்.

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாமா, கத்தலாமா என்று தெரியவில்லை. அவருடைய டாக்டரைக் கூப்பிட்டு மருந்தின் அளவை மாற்றச் சொன்னேன். எட்டாம் படுக்கைக்காரரோ, பக்கத்துக் கட்டிலருகே நின்ற அந்த அம்மாவின் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். மனிதருக்குத் தாங்கவில்லை. "நான் செஞ்ச வேலையால அவர் ஆபரேஷன் நின்னு போச்சா? என்னத் தூக்கிட்டுப் போம்மா, நானே டாக்டர்கிட்ட சொல்றேன்" என்று புண் காலைக் கீழே வைக்கப் பார்த்தார். அவரைப் பிடித்துப் படுக்கவைத்து, போனைக் காதில் கொடுத்தேன். "டாக்டரய்யா, ரெண்டு தட்டும் நான்தான்" என்று அவர் தழுதழுத்ததை வார்டே கேட்டது. பெரிய சிஸ்டரும் கேட்டார்.

தையல்காரரை மறுபடி மேலே கொண்டுபோனோம். டாக்டர் ஸ்கேனை வயிற்றில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். "காலி. என் வயிறு மாதிரியே காலி" என்றார். சர்ஜன் அன்றைய வரிசையில் கடைசியாகச் செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். கதவு மூடியது.

இதுவரை படித்துவிட்டு, பிறகென்னடி, ஜெயித்துவிட்டாயே என்று கேட்பீர்கள். வார்டிலும் எல்லாரும் அப்படித்தான் முதுகில் தட்டினார்கள். நான் விரிப்புகள் அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மாமா, காலித் தட்டைப் பார்த்த பிறகும், நான் தொடல என்று அவர் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி அவரை ஏற்றி அனுப்பினேன். அன்றைக்கு நிஜமாகவே பசி தாங்காமல் அவர் ஒரு வாய் சாப்பிட்டிருந்தால்? என்னிடம் சொல்ல வெட்கப்பட்டு மறைத்திருந்தால்? டாக்டரிடமும் இல்லைங்க என்று சொல்லியிருந்தால்? மயக்க மருந்தைக் கொடுத்திருப்பார்கள். அந்த அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது என் கண்ணை விட்டுப் போகவில்லை. மனிதர்கள் மரியாதைக்குச் சொல்வது எது, நிஜமாகச் சொல்வது எது என்று பிரித்துப் பார்ப்பதில் ஓர் உயிர் தொங்குகிறது என்றால், அதைச் செய்ய என்னால் முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. இதை உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நான் அழுதுகொண்டிருந்தபோது பெரிய சிஸ்டர் விரிப்பு எடுக்க வந்தார். "அழுகையா?"

"ஆமா சிஸ்டர்."

"அழு. முடிச்சதும் அஞ்சாம் படுக்கைக்கு டிரிப் மாத்தணும். அந்த விரிப்புல மூக்கத் துடைக்காத, அது துவைச்சது."

சாயங்காலம் தையல்காரர் நல்லபடியாகத் திரும்பி வந்தார். கண் விழித்ததும் என்னைப் பார்த்து, "மன்னிக்கணும்மா" என்றார். அவர் மனைவி என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார், விடவே இல்லை. இனிமேல் இப்படி ஒரு கன்னம் என் கையில் இருக்காதே என்று நினைத்தபோது கொஞ்சம் வலித்தது. ஆனாலும் முடிவு முடிவுதான். நாற்காலிக்கு ஒரு திண்டு மட்டும் போட்டு வையுங்கள். மாதக் கடைசியில் வந்துவிடுகிறேன்.

அத்தைக்கு என் அன்பும் வணக்கமும். உங்கள் முழங்காலை மடக்கி உட்காராதீர்கள். இதை நர்ஸாகச் சொல்லவில்லை, மருமகளாகச் சொல்கிறேன். அங்கிருந்தபடியே என் தலையில் கை வைத்து ஆசீர்வதியுங்கள்.

என்றும் உங்கள் பிரியமுள்ள மருமகள்.

பின்குறிப்பு: மாமா, கடிதத்தை எழுதிப் பையில் போட்டவள் தபாலில் சேர்க்க நேரமில்லாமல் அலைந்துகொண்டிருந்தேன். அதற்குள் ஏழாம் படுக்கைக்குப் புது ஆள் வந்துவிட்டார். தையல்காரர் வீட்டுக்கு நடந்தே போய்விட்ட இடத்தில், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்த ஒரு பெரியம்மா. வலி எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும், "பரவாயில்ல" என்கிறார். ஒன்றுமே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியவில்லை என்றால் பத்து, உங்களுக்கு எத்தனை என்று டாக்டர் கேட்டாலும், "பரவாயில்ல தம்பி" என்கிறார். டாக்டரும் வலி இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். மதியம் நான் சாப்பாட்டில் கை வைக்கும்போது பெரிய சிஸ்டரின் குரல் வார்டைத் தாண்டி வந்தது: "எங்க அந்தப் பொண்ணு? அவளோட பாஷக்காரங்க ஒருத்தர் வந்திருக்காங்க, வரச் சொல்லு!"

போய்ப் பார்த்தேன். வாய் பரவாயில்லை என்றது, கை மட்டும் விரிப்பைக் கசக்கிப் பிடித்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். "பெரியம்மா, எந்திரிச்சு ஒரு வாய் காபி போட்டுக் குடிக்கற பரவாயில்லையா, இல்ல முடியாத பரவாயில்லையா?" என்று கேட்டேன். அவர் என்னையே பார்த்தார்.  "முடியாத பரவாயில்லம்மா" என்று சொல்லிவிட்டு அழுதார். டாக்டரைத் திரும்ப வரவழைத்து வலிக்கு மருந்து கொடுத்தோம். இப்போது தூங்குகிறார். இவருக்கு இனிமேல்தான் ஆபரேஷன், அதற்கப்புறம் நடை பழக வேண்டும், வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று பேச வேண்டும். என்னைத் தவிர யாரிடமும் இவர் உண்மையைச் சொல்லப் போவதில்லை. நான் எப்படி மாமா வர முடியும்?

அதனால் மேலே எழுதியதையெல்லாம் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியை அந்தப் பேங்க் பரீட்சைக்காரருக்கே கொடுத்துவிடுங்கள். அம்மாவிடம் எதையும் சொல்ல வேண்டாம். நான் எப்படி இருக்கிறேன் என்று அவள் கேட்டால், பரவாயில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள். மரியாதைக்கு இல்லை மாமா, நிஜமாகத்தான்.